பதின்மூன்றாம் நம்பர்

காலில் இருக்கிற மயிரை வழிக்கத்தான் வேண்டுமா என்று போன கிழமை ஒரு பொடியன் எனக்கு வொய்ஸ் அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாவிச் சந்தியில் சேர்ந்து கற்பிட்டி வரைக்கும் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளில் ஒருத்தன். சைக்கிள் வாங்கியே ஒரு மாதம் இருக்காது. நான் திருப்பி அனுப்பினேன்: "மகன், முதல்ல ரெண்டு பிரேக்கையும் ஒண்டா அமத்தப் பழகு. மயிரைப் பொறகு பாப்போம்."

நான் விளையாட்டு உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கரையோரத்துப் பிரதேச செயலகங்களில்தான் என்னுடைய உத்தியோக காலம் முழுக்கப் போனது. கரப்பந்து, எல்லே, ஓட்டப்போட்டி எல்லாம் நடத்தினேன். ஆனால் சனம் ஞாபகம் வைத்திருப்பது சைக்கிள் ரேஸ் நடத்தின சலீம் சேர் என்றுதான். அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னுடைய போன் நம்பரை ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வூதியம் எடுக்கிறவனுக்கு ஓய்வு மட்டும் இல்லை.

கேள்விகளைப் பாருங்கள். சீட்டை எவ்வளவு உயர்த்துவது? குதிக்காலைப் பெடலில் வைத்து மிதி. பெடல் அடியில் போகும்போது கால் நேராக நீண்டால் சரி, இடுப்பு ஆடினால் உயரம் கூட. கை ஏன் மரத்துப்போகுது? ஹேண்டிலைக் கோழிக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடித்தால் மரக்காமல் என்ன செய்யும்! எப்போது சாப்பிடுவது? பசிக்க முன்னம். எப்போது குடிப்பது? தாகம் எடுக்க முன்னம். முன்னுக்குப் போகிறவனுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்? எவ்வளவு கிட்டவும் போ, ஆனால் உன்னுடைய முன் டயர் அவனுடைய பின் டயருக்குப் பக்கத்தில் ஏறி நிற்கக் கூடாது. அவன் ஒரு சாண் அசைந்தால் விழுகிறது நீ, அவனில்லை. நான் எரிந்து விழுந்து சொன்னாலும் கேட்டுக்கொள்கிறார்கள். நல்ல பிள்ளைகள், அல்ஹம்துலில்லாஹ்.

நேற்று வந்த கேள்விக்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. "சேர், ஜேர்சியில முதுகுப் பக்கம் மூணு பொக்கட் இரிக்கு. ஒண்டுல வாழப்பழம், ஒண்டுல போன். நடுப் பொக்கட்டுல என்ன வெக்கிற?" அவன் சிரித்துக்கொண்டு கேட்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வொய்ஸில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சைக்கிள் ரேஸை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கொழும்பில் நடந்த பயிற்சியில் எல்லா விளையாட்டையும் தொட்டுக்கொண்டு போனார்கள். சைக்கிளுக்கு ஒரு பின்னேரம் கிடைத்தது, அதிலும் பாதி நேரம் மழை. மிச்சத்தை நான் பெனடிக்ட் சேரின் ஜீப்பில் இருந்துதான் படித்தேன்.

பெனடிக்ட் சேர் எங்கள் மாவட்டத்துக்கு மேலதிகாரி. சிலாபத்துக் கத்தோலிக்கர். தமிழையும் சிங்களத்தையும் ஒரே வாயால், ஒரே வேகத்தில் கதைப்பார். ரேஸ் நாளில் பிரதம நடுவரும் அவர்தான். வெள்ளைக் களிசான், ஓலைத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஸ்டொப் வொச். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே இறங்கும். நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுத்து ஏச்சு வாங்க வேண்டும். ஒரு விஷயத்தை ஒருதரம்தான் சொல்வார். இரண்டாந்தரம் கேட்டால், தொப்பியைக் கழற்றி, உள்ளுக்குப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார். அதற்கு அர்த்தம், போ என்பது.

சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். ஒரு ரேஸில் சொந்தத் தங்கச்சியின் மகன் எதிர்க்காற்றுக்கு லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் வந்துவிட்டான். அவனை அந்த இடத்திலேயே இறக்கினார். தங்கச்சி எத்தனையோ காலம் அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததும் இல்லை.

அவர் எனக்குப் பழக்கின வேலைகளில் மூன்றை இங்கே சொல்ல வேண்டும். முதலாவது, நடுவரின் ஜீப். ஒருத்தன் கூட்டத்தை விட்டுத் தனியே முன்னுக்குப் போனால், இடைவெளி ஒரு நிமிஷத்துக்கு மேல் வரும்வரை ஜீப் அந்த இடைவெளிக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் பின்னால் வருகிறவர்கள் ஜீப்பின் மறைவில் காற்றுப் படாமல் ஓடி அவனைப் பிடித்துவிடுவார்கள். இரண்டாவது, ரயில் கேட். முன்னுக்குப் போனவனுக்கு முன்னால் கேட் விழுந்தால், அவனுக்கு எவ்வளவு இடைவெளி இருந்ததோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட் திறந்ததும் அவனை விட்டு, மற்றவர்களை அவ்வளவு நேரம் மறித்து வைத்துத்தான் விட வேண்டும். "கேட்டைப் போட்டது அவன் இல்லையே," என்பார்.

மூன்றாவது, நம்பர். காலையில் ஒவ்வொரு ஓட்டக்காரனும் மேசைக்கு வந்து தன்னுடைய அடையாள அட்டையைத் தர வேண்டும். அட்டையில் அவனுடைய நம்பர் எழுதின துண்டைச் சுற்றி ரப்பர் போட்டு பிஸ்கட் தகரத்துக்குள் போடுவோம். அதற்குப் பதிலாக நம்பர் துணியும் ஊசிகளும் கொடுப்போம். ரேஸ் முடிந்து துணியைத் தந்தால் அட்டை. இந்த வழக்கம் வருமுன்னம் எங்கள் நம்பர் துணியெல்லாம் ஊர் ஊராகக் குசினிகளில் சட்டி இறக்கிக்கொண்டிருந்தது. தகரம் சேரின் காலடியில், ஜீப்புக்குள் இருக்கும். நம்பரை இரண்டு பேர் மாற்றிக் கட்டினால் இரண்டு பேரும் அந்த ரேஸுக்கு வெளியே, அந்த சீசனுக்கும் வெளியே. முடிவுக் கோட்டில் நிற்கிற நடுவர் முகத்தைப் பார்த்து எழுதுவதில்லை, நம்பரைப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

யுத்தம் நடந்த காலம். அடையாள அட்டை இல்லாமல் மனுஷன் முடிவெட்டக்கூடப் போகமாட்டான். அப்படியிருந்தும் பொடியன்மார் அட்டையை எங்கள் தகரத்தில் போட்டுவிட்டு அரைக்காற்சட்டையும் பனியனுமாக ரோட்டில் இறங்கினார்கள் என்றால் காரணம் இருந்தது. பாதையில் இருக்கிற சோதனைச் சாவடி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அறிவித்திருப்போம், ரேஸுக்கு முன்னால் பொலிஸ் ஜீப் போகும். அது போனால் தடை தூக்கப்படும். அவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்தது.

அந்த வருஷம் மாவட்ட ரேஸ் தென்மேற்குச் சோளகக் காற்று எழும்பின பிறகு வந்தது. சிலாபத்தில் தொடங்கி, முந்தல், மதுரங்குளி தாண்டி, பாலாவியில் திரும்பிக் கற்பிட்டியில் முடிவு.

உடப்பு என்கிற கரையோரத் தமிழ் ஊர்ச் சிவநேசன் அந்த ரேஸில் ஓடினான். கடல் தொழில் செய்கிற குடும்பம். ஒல்லிப் பொடியன், கதை குறைவு, சிரிப்புக் கூட. அவனுடைய பெரியப்பா மகன் ஒருத்தனை அதற்கு முந்தின வருஷம் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் வீட்டுக்கு வரவே இல்லை. அதற்குப் பிறகு சிவநேசனின் தாய் அவனைச் சிலாபம் சந்தைக்குக்கூடத் தனியே விடுகிறதில்லை. ரேஸுக்கு விட்டாள் என்றால், பெனடிக்ட் சேர் நேரே வீட்டுக்குப் போய், "அம்மா, நான் கூட்டிக்கொண்டு போறன், நானே கொண்டுவந்து விடுறன்," என்று சொன்னதால்தான். அப்போது நான் வாசலில் நின்றேன். அந்த மனுஷி சேரின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

நம்பர் கொடுத்து முடிந்த பிறகு, எங்களுக்குத் தெரியாமல், பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் ஒன்று நடந்தது. ருவன் என்று சிலாபத்துச் சிங்களப் பொடியன், கத்தோலிக்கன், நல்ல ஓட்டக்காரன். அவனுக்குப் பதின்மூன்றாம் நம்பர் விழுந்திருந்தது. அவனுடைய அண்ணன் பதின்மூன்றைக் கட்டிக்கொண்டு ஓடிய நாளில் விழுந்து தோள் எலும்பு முறிந்து, பிறகு சைக்கிளே தொடவில்லை. ருவன் அந்தத் துணியைக் குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். சிவநேசன் பார்த்துவிட்டு, "கொண்டா, எனக்கு எல்லா நம்பரும் ஒண்டுதான்," என்று சொல்லித் தன்னுடைய இருபத்தொன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பதின்மூன்றைக் குத்திக்கொண்டான். இரண்டு பேருக்கும் சட்டம் தெரியும். முகம் தெரிந்த பொடியன்மார், சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்கள். தகரத்துக்குள் மட்டும் பதின்மூன்று ருவனுடைய அட்டையோடும், இருபத்தொன்று சிவநேசனுடைய அட்டையோடும் இருந்தது.

என்னுடைய வேலை மோட்டார் சைக்கிளும் ஸ்லேட்டும். முன்னுக்குப் போய் ரோட்டோரத்தில் நின்று, முதலாவது ஆளுக்கும் கூட்டத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பார்த்து, சோக்கால் எழுதிக் காட்டிவிட்டு, மறுபடி முன்னுக்குப் போக வேண்டும்.

பாலாவி வரைக்கும் எல்லாரும் ஒரே கட்டாக வந்தார்கள். சந்தியில்தான் முதல் பிசகு. பொலிஸ் ஜீப்புக்கு ரேடியோவில் என்னமோ வந்திருக்க வேண்டும். எங்களோடு இடப்பக்கம் திரும்பாமல் சைரனைப் போட்டுக்கொண்டு நேரே புத்தளம் பக்கம் பறந்துவிட்டது. எங்கேயோ என்னமோ நடந்திருக்கு என்று மட்டும் விளங்கியது. ரேஸை நிறுத்துவதா? அது நான் எடுக்கிற முடிவு இல்லை. சேரோ கூட்டத்துக்குப் பின்னால். நான் யோசித்து முடிப்பதற்குள் சிவநேசன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

பக்கக் காற்றுக்கு என்ன செய்வது என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். அதை அன்றைக்கு அந்த இடத்தில் பார்த்திருக்க வேண்டும். சந்தி தாண்டினால் உப்பளப் பக்கம், மரமில்லை, மறைவில்லை. சோளகம் இடப்பக்கத்தால் அடிக்கும். அப்போது முன்னவனுக்கு நேர் பின்னால் நின்றால் பிரயோசனமில்லை, அவனுக்கு வலப்பக்கமாக ஒதுங்க வேண்டும். அப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் சரிவாக நின்றால் ரோட்டின் அகலத்துக்கு ஆறேழு பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் வலது கரையில் ஒற்றை வரிசையாகக் காற்றை முழுசாக வாங்குவார்கள். கூட்டம் அப்படித் துண்டு துண்டாக உடைகிற நேரம் பார்த்துச் சிவநேசன் அடித்தான். நான் நின்று பார்த்தேன், ஒரு நிமிஷம். அடுத்த தரம் ஒன்றரை நிமிஷம். ஸ்லேட்டைக் காட்டினேன். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம், ஒரு வளைவு தாண்டினதும் ரோட்டுக்குக் குறுக்கே தார்ப் பீப்பாவும் தென்னங்குற்றியும் கிடந்தது. காலையில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. சீருடைக்காரர் ஏழெட்டுப் பேர். துவக்கை நீட்டிக்கொண்டு ஒருத்தன் நடு ரோட்டில் நின்று கத்தினான். யா அல்லாஹ், சிவநேசன் பிரேக் பிடித்த விதம்! பின்சில்லு மணலில் இழுபட்டு, அவன் பக்கவாட்டில் சாய்ந்து காலை ஊன்றினான்.

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பூட்டில் இருந்த திறப்பைப் பிடுங்கினார்கள். பொறுப்பாக நின்றவன் இளந்தாரி. முகம் எங்கள் பக்கத்து முகம் இல்லை, கதையும் மலைநாட்டுக் கதை. அன்றைக்குத்தான் அங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ரேஸ் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்கும் பயம். பயந்தவன் கையில் இருக்கிற துவக்குத்தான் எனக்குக் கூடப் பயம்.

"ஐடென்டிடி?" என்றான் சிவநேசனிடம்.

சிவநேசன் வெறுங்கையை விரித்தான். பனியனில் பொக்கட் இல்லை.

சைக்கிளைப் புரட்டினார்கள். சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கட்டியிருந்த டயரைக் கத்தியால் வெட்டிப் பார்த்தார்கள். காற்றடிக்கிற பம்பைக் கழற்றி, குழாய்க்குள் கண்ணை விட்டுப் பார்த்து, தூர வைத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டான். உடப்பு என்றான் சிவநேசன். அந்த ஊர் எங்கே இருக்கு என்று அந்த இளந்தாரிக்குத் தெரியாது. தமிழ்ப் பொடியன் என்று மட்டும் தெரிந்தது. கையைத் தலைக்குப் பின்னால் வைத்து முட்டியில் நிற்கச் சொன்னான். கொதிக்கிற தார், வெறும் முட்டி.

நான் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். இது அரசாங்கத்து விளையாட்டு விழா, மஹத்தயா. இவருடைய அட்டை பின்னால் வருகிற ஜீப்பில் இருக்கு. தகரத்துக்குள் பதின்மூன்றாம் நம்பர் துண்டோடு இருக்கு. முதுகைப் பாருங்கள், பதின்மூன்று. எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்.

நான் பதின்மூன்று என்று சொல்லச் சொல்லச் சிவநேசனின் முகத்தில் இருந்த இரத்தம் வடிந்துபோனது. "சேர்," என்றான் தமிழில், "பதின்மூண்டு சொல்லாதீங்க, அது—"

"தெமளென் எபா!" துவக்குப் பிடியால் முதுகில் ஒன்று விழுந்தது. தமிழில் கதைக்காதே. அவன் முன்னால் சரிந்து, கையை ஊன்றி, மறுபடி முட்டியில் நின்றான். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. என்னமோ பிழை இருக்கு என்று எனக்கு விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. கேட்கவும் முடியாது. வியர்வை அவனுடைய மூக்கு நுனியில் இருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓதத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் ஓதினேன்.

கூட்டம் வந்து சேர்ந்தது. முன் துண்டில் ருவன் இருந்தான். எல்லாரையும் இறக்கி, கையைத் தலையில் வைத்து ரோட்டோரத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு ஜீப் வந்தது.

பெனடிக்ட் சேர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார். ஓடிவரவில்லை. ஆயுதம் வைத்திருக்கிறவனுக்கு முன்னால் ஓடக் கூடாது என்று எனக்கு எப்போதோ ஒருதரம் சொல்லியிருந்தார். வணக்கம் சொல்லி, தான் யார் என்று சொல்லி, அனுமதிக் கடிதத்தைக் காட்டினார். இளந்தாரி கடிதத்தைப் பார்த்தான், தலையாட்டினான். கொஞ்சம் இளகினான். தகரத்தைக் கொண்டுவரச் சொன்னான். நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"பதின்மூன்று."

சேர் எடுத்துக் கொடுத்தார். இளந்தாரி ரப்பரைக் கழற்றினான். அட்டையைப் பார்த்தான், முட்டியில் நின்றவனைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். அட்டையில் ருவனுடைய சிங்களப் பெயர். படத்தில் வேறு முகம்.

"இது நீயா?"

"இல்ல, சேர்," என்றான் சிவநேசன் சிங்களத்தில்.

"அப்ப சிங்கள ஆளுடைய பேரில எங்க போறாய் நீ?"

பக்கத்தில் நின்றவன் துவக்கை லோட் பண்ணின சத்தம் கேட்டது. வானொலிப் பெட்டிக்காரனைக் கூப்பிட்டு, ஏற்றிக்கொண்டு போக வாகனம் அனுப்பச் சொன்னான் இளந்தாரி. நான் சேரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் கண்ணிலேயே தெரிந்தது, நம்பர் மாறியிருக்கு. மெல்லச் சொன்னார், பொடியன்மார் நம்பரை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், இவருடைய அட்டையும் இந்தத் தகரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று. இளந்தாரி கேட்கவில்லை. "நீங்க எல்லாரும் ஒரு கூட்டம். நான் உங்களை எப்படி நம்புறது? மாத்திக் கட்டினவன் இருந்தா அவன் சொல்லட்டும்," என்றான்.

நான் வரிசையைப் பார்த்தேன். முதுகில் இருபத்தொன்றோடு ருவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவன் எழும்பினால் ஒரு சீசன் போகும். அது சின்ன விஷயம். எழும்பினால், தன்னுடைய அட்டையைத் தமிழனுக்குக் கொடுத்தவன் என்று அவனையும் அதே வாகனத்தில் ஏற்றலாம். அது சின்ன விஷயம் இல்லை. எழும்படா, எழும்படா ருவன் என்று என்னுடைய நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவும் முடியாது. பெட்டிக்குள் இருந்து கரகரவென்று பதில் வந்தது, வாகனம் வருகிறதாம்.

ருவன் எழும்பினான். கை இன்னும் தலையில்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அது என்ட அட்டை, சேர். நான்தான் வாணாம் எண்டனான். அவன் எனக்காகத்தான் கட்டினான்."

இளந்தாரி அவனைக் கூப்பிட்டு, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படம் பொருந்தியது. தகரத்தைக் கிண்டி இருபத்தொன்றை எடுத்தான். சிவநேசனின் முகம், உடப்பு முகவரி. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டான். ருவன் விக்கி விக்கித் தன்னுடைய அண்ணனின் கதையைச் சொன்னான். பதின்மூன்று என்றால் ஆகாது என்றான். பின்னால் நின்ற வயது போன சீருடைக்காரன் ஒருத்தன் சிரித்துவிட்டான். "ஐயோ, அது உண்மையிலேயே ஆகாத நம்பர்தான். இவன் படுற பாட்டைப் பாருங்களேன்," என்றான். இளந்தாரிக்கும் வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது. வந்ததை உடனே அடக்கிக்கொண்டான்.

"அப்ப பொய் நம்பர் போட்டு ஏமாத்தியிருக்கிறான். அது பிழைதானே?" என்று சேரைக் கேட்டான்.

இந்தக் கேள்விக்குச் சேர் என்ன சொல்லப் போகிறார்? சட்டம் எனக்குத் தெரியும். தங்கச்சி மகனையே இறக்கின மனுஷன். ஓம், பிழை, இருவரும் வெளியே என்று அவர் சொல்லிவிட்டால், அந்த இடத்தில், அந்தத் துவக்குக்கு முன்னால், சிவநேசன் அதிகாரி வாயாலேயே கள்ளன் ஆகிவிடுவான்.

சேரின் குரல் கீழே இறங்கியது. இளந்தாரி கேட்பதற்குக் கிட்ட வர வேண்டியிருந்தது.

"அது என்ட பிரச்சினை, மஹத்தயா, உங்கட இல்ல. அதை நான் கற்பிட்டியில பாத்துக்கொள்ளுறன். இந்தப் பொடியன் என்ட ரேஸில முதலாவதா ஓடிக்கொண்டிருக்கிறவன்."

இளந்தாரி சிவநேசனின் அட்டையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டு நின்றான். பிறகு தகரத்துக்குள் போட்டான். எழும்பச் சொன்னான்.

சிவநேசனுக்கு எழும்ப முடியவில்லை. நான்தான் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். முட்டி இரண்டிலும் தோல் இல்லை. சேர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சலீம், கடைசியா எவ்வளவு போட்டாய்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மனுஷன் இடைவெளியைக் கேட்கிறார்!

"ஒண்டரை நிமிஷம், சேர்."

"ரயில் கேட்," என்றார். ஸ்டொப் வொச்சைக் கையில் எடுத்தார். "சிவநேசன், ஓடுவியா?"

"ஓம், சேர்."

"ஓடு. சலீம், நீ அவனோட போ. ஸ்லேட்டைத் தூக்கி எறி. கற்பிட்டி மட்டும் அவனை விட்டு அசையாத."

என்னுடைய திறப்பைத் திருப்பித் தந்து, பீப்பாவை உருட்டி வழிவிட்டார்கள். சிவநேசன் ஏறினான், தடுமாறினான், ஏறி மிதித்தான். அவனுடைய முட்டியில் இருந்து இரத்தம் சொக்ஸ் வரைக்கும் வடிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனேன். நடுவர்கள் செய்யக் கூடாததையெல்லாம் செய்தேன். "மிதி வாப்பா, மிதி, பின்னுக்குப் பாக்காத," என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவனும் அழுதான், நானும் அழுதேன். பின்னால் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்களின் மத்தியில் பெனடிக்ட் சேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஓட்டக்காரர்களை மறித்து நின்றாராம். நேரம் வந்ததும் விசில் ஊதி, கையை இறக்கி விட்டாராம்.

இரக்கப்பட்டு யாரும் மெல்ல ஓடவில்லை. அவனுக்கு அது அவமானமாக இருந்திருக்கும். மாம்புரியில் ருவனும் இன்னும் இரண்டு பேரும் அவனைப் பிடித்தார்கள். பிடித்தபோது ருவன் அவனுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். கற்பிட்டியில் சனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் சிவநேசன் ஒரு சில்லு முந்தினான். ருவன் இரண்டாவது. சனம் இருவரையும் தூக்கிக்கொண்டு ஆடியது.

சேர் ஜீப்பில் இருந்து இறங்கி மேசைக்குப் போனார். மைக்கைக் கையில் எடுத்தார். பதின்மூன்றும் இருபத்தொன்றும் நம்பர் மாற்றினதற்காக ரேஸுக்கு வெளியே, சீசனுக்கும் வெளியே என்று வாசித்தார். மூன்றாவதாக வந்தவனைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபம்! வாழ்க்கையில் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே கத்தினது அன்றைக்கு ஒரு நாள்தான். "நீங்க மனுசனா சேர்? இதைச் செய்யிறதுக்கா அவனை இவ்வளவு தூரம் ஓடவிட்டீங்க? அங்கயே இறக்கி ஜீப்பில ஏத்தியிருக்கலாமே!" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளுக்குப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது சிவநேசனை முன் சீட்டில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். நானும் ருவனும் பின்னால். அந்தச் சாவடி இன்னும் இருந்தது. அதே இளந்தாரி குனிந்து பார்த்து, இவன் எத்தனையாவது வந்தான் என்று கேட்டான்.

"முதலாவது," என்றார் சேர்.

இளந்தாரி சிவநேசனைப் பார்த்துச் சிரித்தான். வழிவிட்டான்.

கொஞ்சத் தூரம் போன பிறகு, நான் கேட்காமலே, சேர் கதைத்தார். "சலீம், துவக்குக்கு முன்னால வெச்சு ஒருத்தனைக் குற்றவாளி எண்டு சொல்லக் கூடாது. அது சின்னக் குற்றமா இருந்தாலும் சரி. பிறகு அதைத் திருப்பி எடுக்கேலாது. கற்பிட்டியில துவக்கு இல்ல. அங்க சொன்னன்."

முன் சீட்டில் இருந்து சிவநேசன் மெல்லக் கேட்டான், "சேர், நான் எப்ப இருந்து வெளிய?"

"முடிவுக் கோட்டைத் தாண்டின பிறகு," என்றார் சேர். சிவநேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

உடப்பில் அவனுடைய தாய் ரோட்டிலேயே நின்றாள். என்னமோ கேள்விப்பட்டிருக்கிறாள். மகனை இறக்கினதும் முட்டியைப் பார்த்தாள், முதுகைத் தடவினாள். சேர் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, சொன்ன மாதிரிக் கொண்டுவந்திட்டன். ஆனா இவன் பிழை செய்தவன். இந்த சீசன் முழுக்க நான் இவனைக் கூட்டிக்கொண்டு போக வரமாட்டன்."

அந்த மனுஷி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெனடிக்ட் சேர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் ரேஸ்களில் அட்டையைத் தகரத்தில் போடுகிற வழக்கம் நின்றது. அடுத்த சீசனில் சிவநேசன் திரும்பி வந்தபோது அவனுடைய பனியனின் முதுகில், நட்டநடுவில், ஒரு பொக்கட் தைத்திருந்தது. தாய் பழைய சேலைத் துணியில் கையாலேயே தைத்தது. உள்ளே பொலித்தீனில் சுற்றின அடையாள அட்டை. பக்கத்தில் வைத்தால் மிதிக்கும்போது நழுவிவிடுமாம், நடுவில்தான் அசையாமல் இருக்குமாம். சேர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாரும் இப்படித் தைத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒருதரம் சொன்னார். ருவனுடைய பனியனுக்கும் அந்தத் தாய்தான் தைத்துக் கொடுத்தாள்.

மகன், நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். நடுப் பொக்கட்டுல உன்ட அட்டைய வை. இப்ப ரோட்டுல ஒருத்தரும் கேக்கிறதில்லை எண்டு எனக்கும் தெரியும். கேக்காட்டியும் வை. வாழப்பழத்தை எங்க வெச்சாலும் எனக்குக் கவலையில்லை.